எஃகுப் பாலப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டீர்களா?

அமெரிக்காவில் சிவில் இன்ஜினீயரிங் படிக்கப் போகிறவர்கள் முதல் செமஸ்டரிலேயே ஓர் அறிவிப்பைப் பார்க்க வாய்ப்பு உண்டு: ‘ஸ்டீல் பிரிட்ஜ் டீமுக்கு ஆள் தேவை’. பலர் அதைப் பார்த்துவிட்டு நடையைக் கட்டிவிடுகிறார்கள். மதிப்பெண் ஏறாது, சம்பளம் கிடையாது, சனி ஞாயிறு முழுக்க வெல்டிங் பட்டறையில் போய்விடும். மூன்றும் உண்மைதான். இருந்தாலும் சேருங்கள். வரைபடம், விலை விசாரிப்பு, கொள்முதல், பட்டறை, களம் என்று ஒரு கட்டுமானத்தின் எல்லாப் படிகளையும் ஒரே வருடத்தில் நீங்களே ஏறி இறங்கும் வாய்ப்பு வகுப்பறையில் கிடைக்காது. வேலைக்குச் சேர்ந்த பிறகும் பல வருடங்களுக்குக் கிடைக்காது.

போட்டி இதுதான். உண்மைப் பாலத்தின் பத்தில் ஒரு பங்கு அளவில், ஏறத்தாழ 20 அடி நீளத்தில், முழுக்க எஃகில் ஒரு பாலம். மாணவர்களே வடிவமைத்து, துண்டு துண்டாகச் செய்து எடுத்துவந்து, நடுவர்கள் கையில் ஸ்டாப்வாட்சோடு நிற்க, போல்ட் போட்டுப் பூட்ட வேண்டும். பூட்டி முடித்ததும் அதன் மேல் 2,500 பவுண்டு எடை ஏறும். 1,130 கிலோவுக்கு மேல், ஒரு காரைத் தூக்கி வைத்த மாதிரி. நடத்துவது அமெரிக்க எஃகுக் கட்டுமானக் கழகம், சுருக்கமாக ஏ.ஐ.எஸ்.சி. 1987-ல் மிச்சிகன் மாநிலத்தில் மூன்று கல்லூரிகளுக்குள் தொடங்கிய போட்டி இது. 1992-ல் ஈஸ்ட் லான்சிங் நகரின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதல் தேசியச் சுற்று நடந்தபோது 13 அணிகள் வந்தன. இப்போது வட்டாரப் போட்டியில் தேறி தேசியச் சுற்றுக்குப் போவதே ஓர் அணிக்குப் பெருமை.

பாடப்புத்தகத்தை மூடிவிட்டு விதிநூலைத் திறங்கள்

எடைக் குறைவு, விறைப்பு, பூட்டும் வேகம், தோற்றம் என்று தனித்தனிப் பரிசுகள் உண்டு. மொத்த வெற்றியைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு டாலருக்கு. கற்பனை டாலர்தான், ஆனால் கறாரான டாலர். பூட்ட எடுத்த நிமிடங்களை ஆட்களின் எண்ணிக்கையால் பெருக்கி, அதை ஒரு விலையால் பெருக்கினால் கட்டுமானச் செலவு. எடைக்குப் பவுண்டுக்கு இவ்வளவு, பாரத்தில் பாலம் தொய்வதற்கு அங்குலத்துக்கு இவ்வளவு என்று போட்டுக் கூட்டினால் கட்டமைப்புச் செலவு. தவறுகளுக்கான அபராதமும் இவற்றில் சேரும். குறைந்த தொகை வந்த அணி மேலே.

இந்த விலைகளும் நிபந்தனைகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆற்றின் அகலம் மாறும், தூண் வைக்கும் இடம் மாறும், உயர வரம்பு மாறும். ஆகவே எந்த மென்பொருளையும் திறப்பதற்கு முன் விலையைக் கணக்குப் போடுங்கள். ஓர் ஆண்டின் விதி, பவுண்டுக்கு 10,000 டாலர், அங்குலத் தொய்வுக்கு 10 லட்சம் டாலர் என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஓர் அங்குலத் தொய்வும் 100 பவுண்டு எஃகும் ஒரே விலை. 5 பவுண்டு எஃகைக் கூட்டியதால் தொய்வு 0.05 அங்குலத்துக்கு மேல் குறைந்தால் லாபம், அதற்குக் கீழே என்றால் நட்டம். இந்த ஒரு வரியைக் கரும்பலகையில் எழுதி வைத்துவிட்டால், ‘இந்தக் குழாயைக் கொஞ்சம் தடிமனாக்கலாமா’ என்று இரவு பதினொரு மணிக்குத் தொடங்கும் வாக்குவாதம் ஐந்து நிமிடத்தில் முடியும்.

ஆட்கள் விஷயமும் இப்படித்தான். மூன்று பேர் 8 நிமிடத்தில் பூட்டினால் 24 ஆள்-நிமிடம். ஆறு பேரை இறக்கினால் 4 நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் கூட வந்த மூவரும் செலவுதான். வேகப் பரிசு வேண்டுமா, மொத்த வெற்றி வேண்டுமா என்பதை அணி முதல் மாதமே முடிவு செய்துவிட வேண்டும். இரண்டுக்கும் ஆசைப்பட்டு இரண்டையும் கோட்டை விடுகிற அணிகள்தான் அதிகம்.

விதிநூலை அணித்தலைவர் மட்டும் படித்தால் போதாது. ஒவ்வொருவரும் அச்செடுத்து, கோடு போட்டு, அடுத்தவரைக் கேள்வி கேட்க வேண்டும். மென்பொருளில் புலியான நாலாம் ஆண்டு மாணவரைவிட விதிநூலை மனப்பாடமாக வைத்திருக்கும் முதலாம் ஆண்டு மாணவர் அணிக்கு அதிகம் தேவை. விதிநூலில் எங்கேயும் தடை இல்லையே என்று நம்பி ஒரு புதுவகை இணைப்பை வடிவமைக்கிறீர்களா? போட்டிக் குழுவுக்கு எழுதி, விளக்கம் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொண்டு பிறகு வெட்டுங்கள். அதே குழு மற்ற அணிகளுக்குச் சொல்லும் விளக்கங்களையும் விடாமல் படியுங்கள். ஒப்பந்தத்தைப் படித்து, சந்தேகத்தை எழுத்தில் கேட்டு, பதிலைக் கோப்பில் வைப்பதற்குக் கட்டுமான நிறுவனங்கள் தனி ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கின்றன.

தொய்வு எங்கிருந்து வருகிறது

பல ஆண்டுகளாக மாறாமல் இருந்துவரும் விதி ஒன்று உண்டு: ஒவ்வொரு துண்டும் மூன்றரை அடி நீளம், 6 அங்குல அகலம், 4 அங்குல உயரமுள்ள பெட்டிக்குள் அடங்க வேண்டும். 20 அடியை மூன்றரையால் வகுத்துப் பாருங்கள். ஒரு வரிசைக்குக் குறைந்தது ஆறு துண்டு, நடுவில் ஐந்து இணைப்பு. பாலத்துக்கு இரண்டு பக்கம், ஒவ்வொரு பக்கத்திலும் மேல் வரிசை, கீழ் வரிசை. முதன்மை வரிசைகளில் மட்டுமே இருபது இணைப்புகள். குறுக்குத் துண்டுகளைச் சேர்த்தால் எண்ணிக்கை எங்கேயோ போகும்.

புதிய அணிகள் இங்கேதான் வழி தவறுகின்றன. முதலில் அவர்கள் கேட்பது, ‘நல்ல ஸ்டீல் எது?’ குரோமோலி எனப்படும் 4130 வகைக் குழாயின் பெயர் உடனே வரும். அது வலிமையானதுதான். ஆனால் வலிமை வேறு, விறைப்பு வேறு. சாதாரண எஃகானாலும் விலை உயர்ந்த எஃகானாலும் விறைப்பைத் தீர்மானிக்கும் மீள்தன்மைக் குணகம் ஏறத்தாழ 200 ஜிகா பாஸ்கல்தான். ஒரே அளவில் செய்த இரண்டு பாலங்கள், ஒன்று மலிவான எஃகிலும் மற்றது குரோமோலியிலும் இருந்தால், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் தொய்யும். மெல்லிய நீளக் குழாய் அழுத்தத்தில் பக்கவாட்டில் வளைந்து தோற்பதும் இதே குணகத்தையும் குழாயின் நீளத்தையும் பொறுத்ததே. நீளத்தைப் பாதியாக்கினால் தாங்கும் பாரம் நாலு மடங்கு. காசைக் கொட்டி உயர்வகைக் குழாய் வாங்குவதற்கு முன் பாலத்தின் ஆழத்தைக் கூட்ட விதி இடம் தருகிறதா என்று பாருங்கள். அது இலவசம்.

அடுத்து, ஆட்டம். போல்ட் உள்ளே போக வேண்டுமானால் ஓட்டை போல்ட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். எஃகுக் கட்டடங்களில் 1/16 அங்குலம், அதாவது 1.6 மில்லிமீட்டர் இடைவெளி வழக்கமானது. கணினி மாடலுக்கு இந்த இடைவெளி தெரியாது. அது இணைப்பை ஒட்டிப் பிறந்ததாகவே எடுத்துக்கொள்ளும். உண்மையில் என்ன நடக்கும்? 6 மீட்டர் நீளம், அரை மீட்டர் ஆழமுள்ள டிரஸ் (முக்கோணங்களாகக் கோத்த சட்டகம்) என்று வைத்துக்கொள்வோம். பாரம் ஏறியதும் கீழ் வரிசையில் நட்டநடு இணைப்பு மட்டும் 1.6 மில்லிமீட்டர் நழுவுகிறது. பாலத்தின் நடுப்பகுதி அதனால் இறங்கும் அளவு: நீளத்தில் கால் பங்கை ஆழத்தால் வகுத்து நழுவலால் பெருக்க வேண்டும். 1.5-ஐ 0.5-ஆல் வகுத்தால் 3. ஆக, 4.8 மில்லிமீட்டர் இறக்கம். ஒரே ஓர் இணைப்பு, ஒரு நூல் அளவு ஆட்டம், கிட்டத்தட்ட அரை சென்டிமீட்டர் தொய்வு! மற்ற நான்கு இணைப்புகளும் தங்கள் பங்குக்குச் சேரும். மாடல் காட்டிய தொய்வு ஒன்று, களத்தில் அளந்தது அதைப்போல் ஒன்றரை மடங்கு என்று அணிகள் தலையைச் சொறிவதற்கு முதல் காரணம் இதுதான்.

இதற்கு வைத்தியம் உண்டு. ஓட்டையைக் கையால் துளைக்காமல் எந்திரத்தில் வெட்டுவது. போல்ட்டுக்கும் ஓட்டைக்கும் உள்ள இடைவெளியை விரலாலேயே பூட்டக்கூடிய அளவுவரை குறைப்பது. ஒரே போல்ட்டை நம்பாமல் துண்டின் முனையையே நாக்கும் பள்ளமுமாகச் செய்து, பாரம் வந்தால் தானே இறுகிக்கொள்ளும் இணைப்பாக வடிவமைப்பது. கடைசியாகச் சொன்னதுதான் நல்ல அணிகளின் கைவரிசை தெரியும் இடம். கடைசி அரை மில்லிமீட்டருக்குப் பேராசைப்படாதீர்கள். இறுக்கமான இணைப்பு ஆட்டத்தைக் குறைக்கும், ஆனால் போட்டி நாளில் பூட்ட மறுத்துச் சுத்தியலைத் தேட வைக்கும். நல்ல அணி நாலைந்து மாதிரி இணைப்புகளைச் செய்து, பூட்டியும் இழுத்தும் பார்த்துவிட்டுத்தான் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்.

எஃகுக் கட்டமைப்பில் குழாய் முறிந்து வந்த விபத்தைவிட இணைப்பு விட்டுக்கொடுத்து வந்த விபத்து மனதில் நிற்கும். 1981 ஜூலை 17 அன்று கன்சாஸ் சிட்டியின் ஹயாத் ரீஜென்சி ஹோட்டலில் தொங்கு நடைபாதைகள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். முதலில் வரைந்தபடி, ஒரே நீளக் கம்பி இரண்டு தளத்து நடைபாதைகளையும் கூரையிலிருந்து தாங்கியிருக்க வேண்டும். செய்வதற்கு வசதியாக அதை இரண்டு கம்பிகளாக மாற்றினார்கள். மேல் நடைபாதையின் உத்தரத்தில் இருந்த இணைப்பு, தன் பாரத்தோடு கீழ் நடைபாதையின் பாரத்தையும் சுமக்க வேண்டியதாயிற்று. அந்த மாற்றத்தை யாரும் மறுபடி கணக்குப் போடவில்லை. 2007 ஆகஸ்ட் 1 அன்று மினியாபோலிஸில் மிசிசிப்பி ஆற்றின் மேல் ஐ-35டபிள்யூ பாலம் விழுந்து 13 பேர் இறந்ததற்கும், உறுப்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் இணைப்புத் தகடுகள் தேவையைவிட மெல்லியதாக இருந்ததே காரணம் என்று விசாரணை சொன்னது. ‘பட்டறையில் சின்ன மாற்றம்தானே’ என்று உங்கள் அணியில் யாராவது சொன்னால், கையில் இருப்பதை வைத்துவிட்டு வரைபடத்துக்குப் போங்கள்.

பட்டறையில்

வடிவமைப்பை டிசம்பருக்குள் முடித்துவிடுங்கள். விதிநூல் கோடை முடியும் நேரத்தில் வரும், வட்டாரப் போட்டிகள் வசந்த காலத்தில் நடக்கும், தேசியச் சுற்று கல்வியாண்டு முடிந்த பிறகு. டிசம்பருக்குள் முடித்தால் பட்டறைக்கும் ஒத்திகைக்கும் மூன்று மாதம் மிஞ்சும். பிப்ரவரி கடைசிவரை மாடலை மெருகேற்றிக்கொண்டிருக்கும் அணி, பாதி வெந்த பாலத்தோடு போட்டிக்குப் போகும். இன்னும் ஐந்து பவுண்டு குறைக்கலாம் என்பது உண்மையாகவே இருக்கலாம். குறைக்காதீர்கள். அதற்கு ஆகும் இரண்டு வாரத்துக்கு வேறு வேலை இருக்கிறது.

வெல்டிங்கில் சூடு பட்ட இடம் ஆறும்போது சுருங்கும். மெல்லிய குழாயைத் தன் பக்கம் இழுக்கும். ஒரு பக்கமே தொடர்ந்து அடித்தால் துண்டு வில்லாக வளைந்துவிடும். அதனால் முதலில் ஜிக் செய்யுங்கள். கெட்டியான தகட்டின் மேல் துண்டு அசையாதபடி பிடித்துவைக்கும் சட்டம் அது. பாலத்தைவிட ஜிக் செய்ய அதிக நேரம் ஆவதாகத் தோன்றினால் சரியான வழியில் போகிறீர்கள் என்று அர்த்தம். இணைப்பு முனைகள் இரண்டையும் போல்ட் போட்டுப் பூட்டிய நிலையிலேயே ஜிக்கில் வைத்து, அங்கங்கே சின்னப் புள்ளிகளாக டாக் அடித்து, பக்கம் மாற்றி மாற்றி வெல்டிங் செய்து, நன்றாக ஆறிய பிறகே கழற்ற வேண்டும். அப்போதுதான் களத்தில் ஓட்டையும் ஓட்டையும் சந்திக்கும். கழற்றுவதற்கு முன் இரண்டு துண்டிலும் எண்ணை உளியால் பதித்துவிடுங்கள். சாக்பீஸ் எழுத்து பெயின்ட் அடித்ததும் காணாமல் போகும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு துண்டுகள் இடம் மாறினால் பூட்டாது.

பெயின்ட் பற்றி இன்னொன்று. அழகுக்கும் மதிப்பு உண்டு என்பதால் கடைசி வாரத்தில் தடிமனாகப் பூசுவார்கள். ஒன்றோடொன்று உரசும் பரப்புகளையும் ஓட்டைகளையும் டேப் ஒட்டி மறைத்துவிட்டுப் பூசுங்கள். இல்லாவிட்டால் எந்திரத்தில் வெட்டிய நுட்பம் எல்லாம் பெயின்ட்டுக்கு அடியில் போய்விடும்.

அணியில் நல்ல வெல்டர் இல்லையென்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. கல்லூரிப் பட்டறைப் பணியாளரிடம் செப்டம்பரிலேயே பழகுங்கள், மார்ச்சில் போய் நிற்காதீர்கள். முப்பது வருடம் டார்ச் பிடித்தவர் வரைபடத்தைப் பார்த்து, ‘தம்பி, இந்த மூலைக்குள் டார்ச் நுழையாதே’ என்கிற பொருளில் ஏதாவது சொன்னால் அன்றைக்கே வரைபடத்தைத் திருத்துங்கள்.

பாரம் ஏற்றிச் சோதிப்பது விளையாட்டு இல்லை. ஆயிரம் கிலோவுக்கு மேல் எடை உங்கள் பக்கத்திலேயே நிற்கிறது. பாலத்துக்கு அடியில் பாதுகாப்புத் தாங்கிகள், தலைக்கவசம், கண்ணாடி, பூட்ஸ், தேவையான ஆட்கள் மட்டும். பாலத்துக்கு அடியில் கையோ காலோ போகக் கூடாது. எவ்வளவு அவசரமானாலும் இதில் தள்ளுபடி கிடையாது.

ஆற்றில் கால் படாமல்

போட்டித் தரையில் ‘ஆறு’ என்று ஒரு பகுதியைக் கோடு போட்டு வைத்திருப்பார்கள். காலோ போல்ட்டோ அதில் பட்டால் அபராதம். கை நழுவி நட் விழுந்தாலும் நேரம் கூடும். பட்டறைத் தரையிலேயே டேப் ஒட்டி அதே ஆற்றை வரைந்து பழகுங்கள். யார் எந்தத் துண்டை எந்தக் கையில் எடுப்பது, எத்தனை போல்ட்டை எந்தப் பையில் வைப்பது, யார் எப்போது குனிவது, அடுத்தவர் எங்கே நிற்பது எல்லாம் முடிவாகி, மாறாமல் இருக்க வேண்டும். ஒவ்வோர் ஓட்டத்தையும் போனில் படம் பிடித்து அன்றே பாருங்கள். வேகமாக ஓடுவதால் மிச்சமாகும் நேரம் சொற்பம். வெறுங்கையோடு நின்று காத்திருக்கும் நேரத்தை ஒழிப்பதுதான் லாபம்.

நடுவர் பகடை உருட்டி, அதில் விழும் எண்ணைப் பொறுத்து எந்த இடத்தில் பாரம் வைப்பது என்று தீர்மானிப்பார். எதிர்பார்த்த இடத்துக்கு மட்டும் பலப்படுத்திய பாலம் அங்கே விழிக்கும். எல்லா நிலைகளுக்கும் கணக்குப் போட்டு, மோசமானதைக் கொண்டே வடிவமையுங்கள். பக்கவாட்டில் இழுத்துப் பார்க்கும் சோதனையையும் மறக்க வேண்டாம். அந்த இழுப்பு 50 பவுண்டு அளவுதான், ஆனால் விதிநூல் சொல்லும் வரம்புக்கு மேல் அசைந்தால் ஆட்டம் குளோஸ். மேலிருந்து வரும் பாரத்தையே நினைத்துக்கொண்டிருந்து குறுக்குப் பிணைப்பில் கஞ்சத்தனம் காட்டிய அணிகள் இங்கே வீட்டுக்குப் போகும்.

பணம் பற்றிச் சுருக்கமாக. எஃகு வாங்கும் செலவைவிட பயணச் செலவு பெரிதாகிவிடுவது உண்டு. உள்ளூர் எஃகுப் பட்டறைகளிடம் பணமாகக் கேட்பதைவிடப் பொருளாகக் கேளுங்கள்: மிச்சக் குழாய், லேசர் வெட்டும் எந்திரத்தில் ஒரு மணி நேரம், பட்டறை வரைபடம் தயாரிக்கும் அனுபவமுள்ள டீட்டெய்லரின் அரை நாள். கடிதத்தில் என்ன வேண்டும், எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று மூன்று வரியில் எழுதுங்கள். கொடுத்தவர்களுக்குப் போட்டி முடிந்த வாரமே புகைப்படத்தோடு நன்றிக் கடிதம் போக வேண்டும். அடுத்த வருடத்து அணி அதே கதவைத் தட்டப்போகிறது.

நேர்காணலில் எப்படிச் சொல்வது

சுயவிவரத்தில் ‘ஸ்டீல் பிரிட்ஜ் அணி உறுப்பினர்’ என்று மட்டும் எழுதினால் வீண். நீங்கள் செய்த ஒரு காரியத்தை எண்ணோடு எழுதுங்கள்: எந்த இணைப்பை வடிவமைத்தீர்கள், கணக்கிட்ட தொய்வு எவ்வளவு, அளந்த தொய்வு எவ்வளவு, வேறுபாடு ஏன். பரிசு வாங்கவில்லை என்று கூசாதீர்கள். மாடலுக்கும் நிஜத்துக்கும் உள்ள இடைவெளியை விளக்கத் தெரிந்த புதியவரை எஃகு நிறுவனங்கள் விடாது. ‘எல்லாவற்றையும் நானே செய்தேன்’ என்றும் சொல்லாதீர்கள். கேட்பவர் இந்தப் போட்டியில் நின்று வந்தவராக இருக்கலாம், அடுத்த கேள்வியிலேயே பிடித்துவிடுவார்.

பாலத்தை வடிவமைப்பவர்தான் இன்ஜினீயர் என்ற எண்ணத்தோடு வருகிறவர்களுக்கு இந்தப் போட்டி வேறு வேலைகளையும் காட்டிக்கொடுக்கும். பட்டறைக்கான வரைபடம் தயாரிக்கும் டீட்டெய்லர், செலவு மதிப்பிடுபவர், களத்தில் பூட்டும் வரிசையைத் திட்டமிடுபவர், வெல்டிங்கைப் பரிசோதிப்பவர். சென்னையில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்கக் கட்டடங்களுக்கான எஃகு டீட்டெய்லிங் செய்யும் நிறுவனங்கள் பல இருக்கின்றன. அங்கே திரையில் ஓர் ஓட்டையின் இடத்தைக் குறிப்பவருக்கும் ஆயிரக்கணக்கான மைல் தள்ளி அதில் போல்ட்டை நுழைப்பவருக்கும் நடுவில் உள்ள தூரம் என்ன என்பதைத் தன் கையால் ஒரு பாலம் பூட்டிப் பார்த்தவர் யாரும் சொல்லித்தராமலேயே அறிந்திருப்பார்.

எனவே கணினி தெரியும், வெல்டிங் தெரியாது என்பதற்காகத் தயங்காதீர்கள். கணினியே பிடிக்காது என்றாலும் வாருங்கள், துண்டுகளுக்கு எண் பதிக்கவும் போல்ட் எண்ணவும் விதிநூல் படிக்கவும் ஆள் எப்போதும் குறைவு. செமஸ்டர் தொடங்கியதும் நடக்கும் முதல் கூட்டத்துக்குப் போங்கள். நாலாம் ஆண்டில் சேர்ந்தால் ஒரு பாலம்தான் கிடைக்கும். முதலாம் ஆண்டிலேயே சேர்ந்தால் நாலு.